வான் அம்புலன்ஸுக்கு வந்த மின்பழுது

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் வீதிகளைக் கொண்டு அளப்பது பழைய காலத்து மடமை. வீதி போடாத இடத்துக்கு விமானம் விடுவதே இந்த நூற்றாண்டின் ஞானம். அந்த ஞானம் முதன்முதலாக உதித்த இடம் வன்னி என்பதையும், உதித்த தலை திருவாளர் ஐயாத்துரையின் தலை என்பதையும் சரித்திரம் பொறாமையால் மறைத்துவிடக்கூடும். ஆகவே நாமே எழுதிவைத்துவிடுகிறோம்.

ஞானத்தின் பெயர் "வன்னி வான் அம்புலன்ஸ் திட்டம்". கொக்கிளாயில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் இனி அவர் குண்டும் குழியுமான வீதியில் குலுங்கத் தேவையில்லை. ஒன்பது ஆசனமும் தோல் மெத்தையும் கோப்பி மெஷினும் கொண்ட தனியார் ஜெட் விமானம் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். விமானம் இறங்கும் ஓடுபாதை கொக்கிளாயிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை நெஞ்சுவலிக்காரர் எப்படிக் கடப்பார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அது "இரண்டாம் கட்டத்தில்" கவனிக்கப்படும் என்று ஐயாத்துரை பதிலளித்தார். கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

ஜெட்டின் சொந்தக்காரர் திரு. அஜந்தன். நெளுக்குளத்தில் பிறந்து, கனடாவில் உறைய வைத்த இறால் விற்று, பெரிய ஆளானவர். திட்டத்தை ஆரம்பித்து வைக்க அவர் தம்முடைய ஜெட்டிலேயே வந்து இறங்குவதாக ஏற்பாடு. திட்டத்தின் சிறப்பு இணைப்பாளர் என்ற முறையில் ஐயாத்துரை பந்தல் போட்டார், சிவப்புக் கம்பளம் விரித்தார், வெள்ளை வேட்டி உடுத்தார். மின்சாரத்தை மட்டும் அவரால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. ஓடுபாதைக்குக் கரண்ட் வரும் கம்பி எங்கோ அறுந்து நான்கு நாட்களாகியிருந்தது.

பெரிய மனிதர் விமானத்தில் வந்திறங்கும் இடத்தில் ஒரு அம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்பது விதி. அவர் திரும்பிப் பறக்கும்வரை அது அசையக்கூடாது என்பதும் விதி. கொக்கிளாய்க்காரருக்கு இப்படி விதிகள் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு இருப்பது தலைவிதி மட்டும். ஆகவே கொக்கிளாயின் ஒரே அம்புலன்ஸ் காலை ஏழு மணிக்கே ஓடுபாதைக்கு வரவழைக்கப்பட்டது. சாரதி ஸஜாத்துடன் அதில் கலிஸ்ராவும் வந்து இறங்கினாள்.

கலிஸ்ரா நாயாற்றில் வள்ளங்களின் எஞ்சின்களுக்கும் வாகனங்களுக்கும் மின்வேலை செய்பவள். அம்புலன்ஸ் அவளுடைய பிள்ளை மாதிரி. போர் முடிந்த பிறகு எந்த நாட்டுக்காரரோ கொடுத்துவிட்டுப் போன பெரிய பழைய வண்டி அது. அதற்கு ஒரு பற்றரி போதாது, இரண்டு வேண்டும். போன வருடம் அவளுடைய தங்கை பிரியந்தினிக்குப் பிரசவ வலி வந்த நாளில் அந்த இரண்டும் செத்துக் கிடந்தன. பிரியந்தினியை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோனார்கள். பிள்ளை ஆசுபத்திரியைக் காணவில்லை.

அதன் பிறகு கலிஸ்ரா ஏழு மாதம் கடிதம் எழுதினாள். நான்கு அரசாங்கக் கந்தோர்கள், பதினொரு கடிதங்கள். ஒவ்வொரு கந்தோரும் அவளுடைய கடிதத்தை மிகுந்த மரியாதையோடு அடுத்த கந்தோருக்கு அனுப்பி வைத்தது. ஒன்பது நாட்களுக்கு முன்னர்தான் இரண்டு புதிய பற்றரிகள் வந்து சேர்ந்தன. அவளே தன் கையால் பூட்டினாள். பிரியந்தினி இப்போது மறுபடியும் நிறைமாதம். இந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அம்புலன்ஸ் போன இடத்துக்குக் கலிஸ்ராவும் போனாள். பற்றரிகளை அவள் நம்பினாள், மனிதர்களை நம்பவில்லை.

விமானம் ஒன்பதரைக்கு இறங்கியது. பத்து மணிக்கு ஐயாத்துரை வரவேற்புரையைத் தொடங்கினார். தூரத்தில் பாலை மரத்தின் கீழ் அம்புலன்ஸும், அதன் நிழலில் கலிஸ்ராவும் ஸஜாத்தும் இருந்தார்கள். ஒலிபெருக்கியின் புண்ணியத்தில் ஒரு சொல்லும் தப்பாமல் அவர்களுக்கும் கேட்டது.

"அக்கா, இருவத்தைஞ்சு நிமிசமாச்சு," என்றான் ஸஜாத். "மனுசன் இன்னும் அவர்களே அவர்களே எண்டு பேர்தான் சொல்லிக்கொண்டு நிக்கிறார்."

"பொறு. எங்கட பேரும் வரும்."

வரவில்லை. ஆனால் ரைட் சகோதரர்கள் வந்தார்கள், புஷ்பக விமானம் வந்தது, அஜந்தனுடைய பாட்டனாரின் மாட்டு வண்டி வந்தது. பன்னிரண்டு மணி பத்து நிமிடமளவில், "இறுதியாக ஒன்றைச் சொல்லி" என்று ஐயாத்துரை ஐந்தாவது தடவையாக ஆரம்பித்தபோது, அவருடைய குரல் மெலிந்து, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆகி, நின்றுபோனது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்த சபை எழுந்து நின்று கைதட்டியது. அந்த விழாவில் உள்ளத்திலிருந்து எழுந்த கைதட்டல் அது ஒன்றுதான்.

திரு. அஜந்தன் நாடாவை வெட்டினார், வடையில் பாதியைச் சாப்பிட்டார், விமானத்தில் ஏறினார். கப்டன் சுவிட்சைப் போட்டார். விளக்கு வரவில்லை. கண்ணாடித் திரைகள் கறுப்பாகவே இருந்தன. எஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை.

இப்படிப்பட்ட வேளையில் சாதாரண நாடாக இருந்தால் ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டிருக்கும். ஐயாத்துரை ஒரு குழுவை அமைத்தார். "துரித மின்பழுது ஆய்வுக் குழு"வின் முதலாவது கூட்டம் விமானத்தின் வலது செட்டையின் கீழ், நிழல் காரணமாக, ஒரு மணிக்கு ஆரம்பமானது. இரண்டு நிமிட மௌன அஞ்சலி தேவையா என்று ஆராயப்பட்டு, இன்னும் ஒருவரும் இறக்கவில்லை என்ற காரணத்தால் கைவிடப்பட்டது.

"குரங்கு வயரைக் கடிச்சிருக்கும்," என்றார் ஒரு உறுப்பினர்.

"மயில் கத்தினது கேட்டது. மயிலாவும் இருக்கலாம்."

"கண்ணூறு. இவ்வளவு வெள்ளையா ஒரு சாமானைக் கொண்டுவந்து வெட்டவெளியில விட்டால் கண்ணூறு படாமல் என்ன செய்யும்?"

குரங்கு, மயில், கண்ணூறு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக உபகுழுக்கள் நியமிக்கப்பட்டன. பஸ் சொந்தக்காரரான இன்னொரு உறுப்பினர், அனுபவத்தில் பழுத்தவர், "தள்ளிப் பாப்பம்" என்றார். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. வேட்டிகளை மடித்துக்கட்டிக்கொண்டு இருபத்திரண்டு பேர் ஒரு ஜெட் விமானத்தைத் தள்ளத் தயாரான காட்சியை வன்னி மண் முன்பு கண்டதில்லை. கப்டன் படியில் நின்று இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, இது பஸ் இல்ல! கொஞ்சம் விடுங்க! இங்க யாருக்காவது கரண்ட் வேலை தெரியுமா?"

பாலை மரத்தடியிலிருந்து கலிஸ்ரா எழுந்து வந்தாள். வீடு போவதற்கு அவளுக்கு அவசரம் இருந்தது. விமானம் பறந்தால்தான் அம்புலன்ஸ் நகரும். அம்புலன்ஸ் நகர்ந்தால்தான் பிரியந்தினிக்குப் பக்கத்தில் அது நிற்கும். ஆகவே கோப்பி மெஷினோடு வந்த வான் அம்புலன்ஸின் சுகம் அந்த நேரத்தில் அவளுக்கும் முக்கியமாக இருந்தது.

"ஆர் இந்தப் பிள்ளை?" என்று கேட்டார் ஐயாத்துரை.

"வள்ளத்து எஞ்சின் வேலை செய்யிறனான் ஐயா."

"வள்ளம் தண்ணியில போறது. இது ஆகாயத்தில போறது."

"பற்றரிக்கு அது தெரியாது ஐயா."

கப்டன் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு சிறிய கதவைத் திறந்து காட்டினார். கலிஸ்ரா முதலில் பற்றரி முனைகளை ஆட்டிப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தன. பியூஸைப் பார்த்தாள், எரிந்திருக்கவில்லை. கப்டனைச் சுவிட்சைப் போடச் சொல்லிக் காதைக் கொடுத்தாள். உள்ளே "டிக்" என்று மெலிதாக ஒரு சத்தம் வந்து அடங்கியது. வயர் அறுந்திருந்தால் அந்தச் சத்தமும் வராது. பிறகு மீற்றரை வைத்தாள்.

"இருவத்து நாலு காட்ட வேணும். பதினாறு காட்டுது," என்றாள். "ரெண்டு பற்றரியும் இறங்கிப் போச்சு. பழுது ஒண்டுமில்லை. ஆரோ குடிச்சிட்டாங்கள்."

"இறங்குறப்ப நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் கப்டன். "எஞ்சின் ஓடுற வரைக்கும் அதுவே சார்ஜ் பண்ணிக்கும்."

"எஞ்சின் நிண்ட பிறகு எல்லாச் சுமையும் பற்றரியின்ர தலையில தானே. நிண்ட பிறகு என்ன ஓடினது?"

கப்டன் யோசித்தார். "ஒண்ணும் இல்ல. உள்ள ஒரு பிளக் மட்டும் ஆன்ல இருந்திச்சு. அந்தப் பெரியவர் சின்ன உதவின்னு கேட்டார்."

கலிஸ்ரா விமானத்தின் வாசலைப் பார்த்தாள். படியின் ஓரமாக ஒரு மஞ்சள் வயர் இறங்கிச் சிவப்புக் கம்பளத்தின் கீழே நுழைந்தது. கம்பளம் அந்த இடத்திலிருந்து மெலிதாகப் புடைத்திருந்தது. அவள் அந்தப் புடைப்பின் மேல் காலை வைத்து ஒவ்வொரு அடியாக நடந்தாள். ஆய்வுக் குழு முழுவதும் ஒன்றும் புரியாமல் அவளுக்குப் பின்னால் ஊர்வலமாக நடந்தது. புடைப்பு வளைந்து, பந்தலுக்குள் போய், மேடையில் ஏறி, மைக் செற்காரன் றஜித்தின் பெட்டிக்குள் முடிந்தது.

"அக்கா, என்னில பிழையில்லை," என்றான் றஜித். "ஐயாதான் சொன்னவர், இவ்வளவு பெரிய பிளேன், ஒரு மைக்குக்குக் கரண்ட் குடுக்காதோ எண்டு. அரை மணித்தியாலப் பேச்செண்டு சொன்னவர்."

பத்து மணியிலிருந்து பன்னிரண்டு பத்துவரை. இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். ரைட் சகோதரர்களும் புஷ்பக விமானமும் மாட்டு வண்டியும் அந்த இரண்டு பற்றரிகளிலும் ஏறிச் சவாரி செய்திருக்கிறார்கள். உலகில் எத்தனையோ பேச்சாளர்கள் சபையைத் தூங்க வைத்திருக்கிறார்கள். ஒரு ஜெட் விமானத்தையே தூங்க வைத்த பெருமை ஐயாத்துரையையே சாரும்.

அவர் அதை அடக்கத்தோடு ஏற்க மறுத்தார்.

"எழுதுங்கோ," என்றார் செயலாளரைப் பார்த்து. "தன்னிச்சையான மின்னிறக்கம். காரணம், காலநிலை."

பழுது கண்டுபிடிக்கப்பட்டது. திருத்துவது எப்படி என்பது அடுத்த பிரச்சினை. விமானத்தை எழுப்பும் மின்வண்டி கொழும்பிலிருந்து வர மறுநாளாகும் என்றார் கப்டன். திரு. அஜந்தனுக்கு மாலை ஆறு மணிக்குக் கொழும்பில் ஒரு விருந்து இருந்தது. ஐயாத்துரையின் பார்வை மெதுவாகத் திரும்பிப் பாலை மரத்தின் கீழே போய் நின்றது.

"பிள்ளை, அந்த அம்புலன்ஸில எத்தினை பற்றரி?"

கலிஸ்ரா அவருடைய பார்வைக்குக் குறுக்கே வந்து நின்றாள். "அது ஏலாது ஐயா."

"எத்தினை வோல்ட்?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இருவத்து நாலு."

இதைத்தான் கடவுளின் ஏற்பாடு என்பது. விருந்துக்குப் பறக்கவும் இருபத்து நான்கு வோல்ட், கொக்கிளாயிலிருந்து ஆசுபத்திரிக்கு ஓடவும் இருபத்து நான்கு வோல்ட். பணக்காரருக்கும் ஏழைக்கும் இதைவிடச் சமத்துவத்தை எந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது?

"ஐயா, என்ர தங்கச்சிக்கு இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கு. போன முறை இந்தப் பற்றரி இல்லாமல்தான் பிள்ளையைப் பறிகுடுத்தனாங்கள்."

"அதுக்குத்தானே பிள்ளை இந்த விமானம்! உம்மட தங்கச்சிக்காகத்தானே திட்டம்! அவாவுக்கு வாற விமானத்துக்கு அவான்ர பற்றரியைத் தர மாட்டன் எண்டால் என்ன ஞாயம்? விமானம் நிக்கிற வரைக்கும் அம்புலன்ஸ் அசைய ஏலாது, தெரியும்தானே. அரை மணித்தியாலம். எழுதியே தாறன்."

எழுதியே கொடுத்தார். "பணி நிறைவடைந்ததும் மின்கலங்கள் இரண்டும் மீள ஒப்படைக்கப்படும்." கையெழுத்து, திகதி, ரப்பர் முத்திரை. பதினொரு கடிதம் எழுதியும் கிடைக்காத முத்திரை ஒரே நிமிடத்தில் விழுந்தது. விமானம் நின்றால் அம்புலன்ஸும் நிற்கும் என்பதைக் கலிஸ்ரா இன்னொரு தடவை யோசித்தாள். பிறகு தன் கையால் பூட்டியதைத் தன் கையாலேயே கழற்றினாள்.

இரண்டையும் தொடராக இணைத்து, விமானத்தின் வெளி முனையில் கொடுத்து, மீற்றரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். கப்டன் சுவிட்சைப் போட்டார். திரைகள் ஒளிர்ந்தன. முதல் எஞ்சின் தயங்கி, இழுத்து, மூச்சுவிட்டு, இரைந்தது. அதன் ஜெனரேற்றர் ஏறியதும் இரண்டாவதும் எழுந்தது. மூன்று உபகுழுக்களும் ஒன்றையொன்று கட்டித்தழுவின. கலிஸ்ராவுக்கும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அவள் கையால் எழும்பிய முதலாவது விமானம் அது. முனைகளைக் கழற்றிப் பற்றரிகளைத் தூரத் தள்ளி வைத்தாள்.

அப்போது கப்டன் படியிறங்கி வந்து ஐயாத்துரையின் காதருகே கத்தினார். "எங்க பற்றரி சார்ஜ் ஏறும்னு நம்ப முடியாது. வழியில எங்கயாவது இறங்கினா மறுபடியும் இதே கதைதான். அந்த ரெண்டும் கூடவே இருந்தா நல்லது."

விருந்தாளிக்கு நினைவுச் சின்னம் கொடுக்க வேண்டும் என்பது ஐயாத்துரைக்கு அந்தக் கணத்தில்தான் ஞாபகம் வந்தது. வழமையான ஆளாயிருந்தால் பனையோலைப் பெட்டியோ சங்கோ தேடியிருப்பார். ஐயாத்துரை இரண்டு பற்றரிகளுக்கும் பொன்னாடை போர்த்தினார். நான்கு பேர் அவற்றைத் தூக்கிக்கொண்டு கம்பளத்தின் மேல் நடந்தார்கள். கலிஸ்ரா ஓடிப்போய் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தாள்; கரை போட்ட சேலை கட்டிய வரவேற்புக் குழுப் பெண்கள் அவளை அன்போடு விலக்கினார்கள். அவள் கத்தியது எஞ்சின் இரைச்சலில் எவருக்கும் கேட்கவில்லை. திரு. அஜந்தன் பற்றரிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறந்த மண்ணின் சாமான் என்று. படி மேலேறியது. கதவு மூடியது.

"பணி முடிஞ்சால் தாறன் எண்டனீங்கள்!"

"பணி எங்க பிள்ளை முடிஞ்சது? அஞ்சு வருசத் திட்டம்."

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, விமானம் மேகத்துக்குள் போய் இரைச்சல் அடங்கியபோது, ஸஜாத்தின் கைபேசி அடித்தது. கொக்கிளாயிலிருந்து கலிஸ்ராவின் தாய் புனிதம். பிரியந்தினிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. அம்புலன்ஸை உடனே கொண்டுவரட்டாம்.

ஸஜாத் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். பற்றரி இல்லை என்று தெரிந்தும் திருப்பினான். கலிஸ்ரா அவனிடமிருந்து கைபேசியைப் பறித்து, கொக்கிளாய்க் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு நின்ற லொறிக்காரர் கச்சு முகம்மதுவுக்கு அழைப்பு எடுத்தாள்.

"நானா, லொறியில மீன் எவ்வளவு?"

"பாதிதான் ஏத்தினது பிள்ளை. என்ன சொல்லுங்கோ."

"பிரியந்தினிக்கு வலி. அம்புலன்ஸ் இல்லை."

"மீனை இறக்கிறன். வை போனை."

அதன் பிறகு கலிஸ்ராவால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. எந்தப் பழுதையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவள், பற்றரி இல்லாத அம்புலன்ஸின் முன் ஆசனத்தில் கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு குந்தியிருந்தாள். கைபேசிக்குள்ளே லொறி குலுங்கியது. தாய் செபமாலை சொன்னாள். தங்கை கத்தினாள். "நாயாத்துப் பாலம் கடந்திட்டம்," என்றார் கச்சு முகம்மது. "செம்மலை." பிறகு நீண்ட நேரம் ஒருவரும் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. தங்கையின் சத்தமும் நின்றுவிட்டது. போன வருடமும் இப்படித்தான் நின்றது. கலிஸ்ரா மீற்றரைத் தூக்கி வெளியே எறிந்தாள்.

அளம்பிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது.

அன்று வன்னிக்கு இரண்டு விருந்தாளிகள் வந்திறங்கினார்கள். ஒருவருக்கு இரண்டு மணி நேரம் பத்து நிமிட வரவேற்புரை கிடைத்தது. மற்றவரை ஐஸ் பெட்டியின் மூடியில், கச்சு முகம்மதுவின் சாரத்தில் சுற்றி வாங்கினார்கள். பிரியந்தினிக்கு நிறைய இரத்தம் போய்விட்டது. முல்லைத்தீவு ஆசுபத்திரியில் இரண்டு பைகள் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டொக்டர், கலிஸ்ராவின் முகத்தைப் பார்த்து வசனத்தை முடிக்கவில்லை.

ஆய்வுக் குழுவின் அறிக்கை நாற்பத்தொரு பக்கங்களில், வர்ணப் படங்களுடன் வெளிவந்தது. குரங்கு ஆறு பக்கம், மயில் நான்கு பக்கம். காலநிலைக்கு ஓர் அத்தியாயம். மைக் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஐயாத்துரை ஒரு படப்பிடிப்பாளரோடு ஆசுபத்திரிக்கு வந்து குழந்தையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் பத்திரிகையில் அந்தப் படத்தின் கீழ் "வான் அம்புலன்ஸ் திட்டத்தின் முதற் பயனாளி" என்று இருந்தது.

ஒரு கிழமை கழித்துப் பிறப்பைப் பதியக் கலிஸ்ரா போனாள். பதிவாளர் இராசமலர் கண்டிப்பான மனுசி. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிறந்த இடம்?"

"மீன் லொறி."

"ஊர் வேணும் பிள்ளை."

"அளம்பிலுக்கு இஞ்சால அரைக் கட்டைத் தூரம்."

"ஆசுபத்திரிக்கு வெளியிலயோ? அப்ப குறிப்பில காரணம் எழுத வேணும். சொல்லும், என்ன காரணம்?"

"வரவேற்புரை."

பேனா நின்றது. "பகிடியே விடுறீர்?"

"பகிடியெண்டால் நீங்கள் சிரிச்சிருப்பியள் அம்மா." கலிஸ்ரா நடந்ததைச் சொன்னாள். மஞ்சள் வயரிலிருந்து ஐஸ் பெட்டி மூடிவரை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

இராசமலர் பதிவுப் புத்தகத்தைக் கிட்ட இழுத்தார். பிறகு அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில், மை அழுந்த எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆர் கதைச்சது?"

"ஐயாத்துரை," என்றாள் கலிஸ்ரா. "அவர் பேருக்கு முன்னால பட்டங்கள் நிறைய வைச்சிருக்கிறார் அம்மா. ஒண்டும் விடாமல் எழுதுங்கோ."